காபிக் கலர் பொட்டு

கொஞ்சம் அங்கிட்டு நவுந்து உக்காருங்கம்மா. ஜன்னலோரம் எனக்கு வேணும், இல்லேன்னா தலை சுத்திரும். காலுக்குக் கீழ பாத்து வைங்க, தூக்குவாளி இருக்கு. உதைச்சிராதிய. ஒரு பக்கெட்டுல ஐஸக் கொட்டி, அதுக்குள்ள வாளிய எறக்கி, சுத்தி ஈரச் சாக்கு கட்டிக் கொண்டு போறேன். கோவில்பட்டி வரைக்கும் பால் திரியாமத் தாங்கணும். வெயிலப் பாத்தியளா, பஸ் இன்னும் கெளம்பவே இல்ல, அதுக்குள்ள முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு.

நீங்க எங்க போறிய? கோவில்பட்டிதானா? நல்லதாப் போச்சு. நெத்தியில திருநீறு பாத்தேன். சைவந்தானே? முட்டை? அதுவும் கெடையாதா. சரி சரி. இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளப் பாக்கதே அபூர்வம். ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

இந்தாங்க, ஒரு டம்ளர் குடிங்க. அட, வாங்குங்க, வெசமா குடுக்கப் போறேன்? கோல்டு காபி. ஜெல்லி போட்ட கோல்டு காபி. டவுன்ல எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, கோடை வந்துட்டா ஆவுடை வீட்டு ஜெல்லி காபின்னா அப்படி ஒரு பேரு. மொதல் டிகாஷன்தான் போடுவேன், ரெண்டாவது தண்ணிய நான் மனுசருக்குக் குடுக்க மாட்டேன். அண்ணாந்து குடிங்க, என்ன? வாய் வச்சு எச்சில் பண்ணிராதிய, எங்க வீட்டு டம்ளர்.

எனக்கா? எனக்கு வேண்டாம். தொண்டை கட்டிக் கெடக்கு. நீங்க குடிங்க.

நான் எங்க போறேன்னு கேக்கலியே? நிச்சயதார்த்தம். சாயங்காலம் கோவில்பட்டியில மண்டபத்துல. எங்க கொழுந்தன் மக சிவரஞ்சனிக்கு. வீட்டு ஆளுக எல்லாரும் காலையிலேயே வேன்ல போயிட்டாவ. நான் தலைவலின்னு சொல்லி நின்னுட்டேன். பின்னால பஸ்ல வாரேன், நீங்க போங்கன்னேன். சரின்னு போயிட்டாவ. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, "நீங்க வராம எப்படிக்கா"ன்னு கேக்கணும்லா? கேக்கல. நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமக.

அவ என்ன சொன்னா தெரியுமா? அவன்னா, என் ஓரகத்தி வடிவு. பொண்ணுக்கு அம்மா. வேன்ல ஏறிக்கிட்டே சொல்லுதா, "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா, வந்து உக்காந்தா போதும்." வந்து உக்காந்தா போதுமாம்! அந்த வீட்ல எத்தனை கலியாணம், எத்தனை வளைகாப்பு, எத்தனை கருமாதி, எல்லாத்துக்கும் அடுப்புப் பக்கம் நின்னது யாரு? நான். உப்பு பாத்தது யாரு? நான். இப்ப என்னய வந்து உக்காரச் சொல்லுதா. எனக்கு வயிறு எரியுதும்மா. சும்மா சொல்லல, நெசமாவே எரியுது.

குடிங்க, குடிங்க. சூடாயிரும்.

எல்லாம் இந்த ஜெல்லியாலதான். பொண்ணு பாக்க வாரோம்னு கோவில்பட்டிக்காரங்க போன் போட்டாவ. மாப்பிள்ளைக்கு அம்மா பேசுனாவ. அவுகளும் நம்மாளுகதான், சைவம், நம்மள விட ஒரு படி கூட. செவ்வா வெள்ளி வெங்காயம் கூட சேக்க மாட்டாவ. "கத்திரி வெயில்ல வாரோம் மதினி, சொஜ்ஜி பஜ்ஜின்னு அலையாதிய, குளுந்து எதாவது குடுத்தா போதும்"ன்னாவ. நான் உடனே சொல்லிட்டேன், ஜெல்லி காபிய நான் பாத்துக்கிடுதேன்னு. இதுல வேற பேச்சு எதுக்கு? ஆனா வடிவு இருக்காளே, மாடியில அவ பாட்டுக்கு ஒரு பக்கம் செஞ்சிருக்கா. கேட்டா, "ரெண்டும் இருக்கட்டும்க்கா"ங்கா. ரெண்டு எதுக்கு? ஒரு வீட்ல ரெண்டு பேரா பொண்ணு குடுக்கோம்?

அவ எதுல செய்யுதா தெரியுமா? கடல்பாசி. ஆமா, கடல்ல மொளைக்கிறது. நாரு நாரா காஞ்சு கெடக்கும். அத ஊற வச்சு, அடுப்புல கொதிக்க விட்டு, கரைஞ்சதும் டிகாஷனும் சீனியும் ஊத்தித் தட்டுல கொட்டுதா. பிரிட்ஜ் கூட வேண்டாம், அது பாட்டுக்கு ஒறைஞ்சு கெட்டியாயிருது. கத்திய வச்சுக் கட்டம் கட்டமா வெட்டி, ஆறுன பால் காபியில மெதக்க விடுதா. பாக்க அழகாத்தான் இருக்கும், நான் இல்லேங்கல. தூத்துக்குடிக்காரி, அவளுக்கு என்ன தெரியும்? எங்க மாமனார் இருந்த வரைக்கும் அந்த வீட்டுக்குள்ள கடல் சாமான்னு எதுவும் வந்ததில்ல. சங்கு கூட பூசை ரூமுக்கு வெளிய, ஒரு ஆணியில தொங்கும்.

நான் போடுதது வேற. பொடி. பஜார்ல ஒரு கடையில வாங்குவேன். பச்சத் தண்ணியில போட்டா உப்பி வரும், சூடான டிகாஷன ஊத்துனா கரையும். கொதிக்க விடக் கூடாது. அப்படியே பிரிட்ஜ்ல வச்சிர வேண்டியதுதான். கடைப்பையன் மொத தடவ ரெண்டு மூணு பாக்கெட்ட எடுத்துப் போட்டான். ஒண்ணுல பச்சைப் பொட்டு, ஒண்ணுல காபிக் கலர்ல ஒரு பொட்டு. நான் செய்யது காபி ஜெல்லி. காபிக் கலர் பொட்டு போட்டிருக்கேன்னா காபிக்குன்னே வந்ததுன்னுதானே அர்த்தம்? யாரா இருந்தாலும் அப்படித்தானே எடுப்பாவ? அன்னையிலருந்து அதத்தான் வாங்குதேன். வீட்டுக்கு வந்ததும் பொடிய டப்பாவுல தட்டிட்டு கவரத் தூரப் போட்டுருவேன். ஒரு கோடையா ரெண்டு கோடையா, எங்க வம்சமே அதத்தான் குடிச்சு வளந்துச்சு. எங்க வீட்டுக்காரரோட பெரியத்தை, பல்லு கெடையாது பாவம், ஒரு கிண்ணம் ஜெல்லி குடுத்தா கரண்டிய வழிச்சு வழிச்சு நக்குவாவ.

பொண்ணு பாக்க வந்த அன்னைக்குன்னு பாத்து காலையிலருந்து கரண்ட் இல்ல. என் ஜெல்லி பிரிட்ஜ்க்குள்ளேயே இளகிப் போச்சு. மூடியத் தெறந்தா தண்ணி. காபியில கொட்டுனா கண்ணுக்கே தெரியல. அவ ஜெல்லி என்னடான்னா அந்தப் புழுக்கத்துலயும் கல்லுக் கணக்கா நிக்கி. கரையுறதுதாம்மா நல்ல ஜெல்லி. வெயிலுக்கே கரையாதது வயித்துல போயி எப்படிக் கரையும்? இத நான் எடுத்துச் சொன்னா யாரும் காதுல வாங்கல. நேரமாச்சு, நேரமாச்சுன்னு வடிவு தட்டத் தூக்கிட்டுப் போயிட்டா.

மாப்பிள்ளைக்கு அம்மா ஒரு துண்டு வாயில போட்டாவ. "அடடா, நல்லா இருக்கே, பொண்ணு செஞ்சதா?"ன்னாவ. இவ உடனே, "ஆமா மதினி, நானும் அவளும் சேந்து செஞ்சோம்"ங்கா. எனக்கு அங்கன நிக்க முடியல. பெரிய மருமக ஒருத்தி தூணோட தூணா நிக்காளே, அவளக் காட்டி ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் ஒண்ணும் கெட்ட எண்ணத்துல சொல்லல, கேட்டுக்கோங்க. நாளைக்குப் பின்ன தெரிஞ்சா அவுகளுக்கு மனசு கஷ்டமா இருக்கும்லா? அதனால மெதுவாத்தான் சொன்னேன். "மதினி, அது கடல்பாசி. கடல்லருந்து வாரது. எங்க வீட்ல பழக்கமில்ல, எப்படியோ உள்ள வந்துட்டு, மன்னிச்சிக்கோங்க"ன்னேன். வேற ஒரு வார்த்தை கூட சொல்லல.

அவுக கரண்டியக் கீழ வச்சிட்டாவ. வடிவு மொகத்தப் பாக்கணுமே, வெளுத்துப் போச்சு. மாப்பிள்ளைக்கு அப்பா செருப்பு எங்க கெடக்குன்னு பாக்காரு. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் சட்டுன்னு உள்ள போயி என் காபிய டம்ளர்ல ஊத்திக் கொண்டு வந்து குடுத்தேன். "இது சுத்த சைவம், என் கையால செஞ்சது, நம்பிக் குடிங்க"ன்னேன். அவுகளும் மடக்கு மடக்குன்னு குடிச்சாவ. "இது ருசி வேற மாதிரி இருக்கு மதினி"ன்னு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடிச்சாவ. என் காபிய, இன்னும் கொஞ்சம்! அந்த நேரத்துல அந்த வீடே என் கையில இருந்துச்சும்மா.

அப்பதான் அந்தப் பொட்டச்சி சிவரஞ்சனி வாரா. பட்டுச்சேலை, தலை நெறையப் பூவு, கையில என் பொடி பாக்கெட்டு. புதுசா வாங்குனது, டப்பாவுல தட்டாம அடுப்பு மேடையிலேயே வச்சிருந்தேன். பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணு பேசலாமா நீங்களே சொல்லுங்க? வந்து நடுக் கூடத்துல நிக்கா. "அத்தை, கடல்பாசி செடி மாதிரி. உப்பும் கடல்லருந்துதான் வருது. நீங்க இப்பக் குடிச்சதுலதான் சைவம் இல்ல"ங்கா. பாக்கெட்ட நீட்டுதா. அந்தப் பொட்டக் காட்டுதா. பச்சைன்னா சைவமாம், இந்தக் கலர்னா அசைவமாம். கடையில எல்லா சாமான்லயும் அப்படித்தான் போட்டிருக்குமாம். இத யாரு கண்டா?

நான் கேட்டேன், "ஏட்டி, பொடியில என்னட்டி அசைவம்?" அவ ஒரு வார்த்தை சொன்னா. அத என் வாயால சொல்ல மாட்டேன். சும்மா கேக்காதிய, சொல்ல மாட்டேன்.

எலும்பாம். எலும்பையும் தோலையும் போட்டுக் காய்ச்சி எடுக்கதாம். ஆடோ மாடோ, எனக்கென்ன தெரியும்.

ஏன் டம்ளரக் கீழ எறக்கிட்டிய? அவ சொன்னதத்தாம்மா சொல்லுதேன். அவ சொன்னா ஆச்சா? பொய்யி. சுத்தப் பொய்யி. அவ அம்மா சொல்லிக் குடுத்த பொய்யி.

மாப்பிள்ளைக்கு அம்மா எந்திரிச்சு நேரா பின்கட்டுக்குப் போனாவ. வாயக் கொப்புளிச்சாவ, கொப்புளிச்சாவ, தொட்டித் தண்ணியே தீந்துரும் போல கொப்புளிச்சாவ. வந்து திருநீற எடுத்துப் பூசிக்கிட்டாவ. சரி, போச்சு சம்பந்தம்னு நெனச்சேன். ஆனா அந்தப் பொம்பள என்ன செஞ்சா தெரியுமா? உக்காந்து, வடிவு குடுத்த ஜெல்லிய எடுத்து, ஒரு துண்டு மிச்சமில்லாம தின்னா. தின்னுட்டு, "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. மறைக்காமச் சொல்லுத பொண்ணு"ன்னா. எல்லாரும் சிரிக்காவ. என் மொகத்த ஒருத்தரும் பாக்கல. சண்டை போட்டிருந்தாக் கூட நான் நின்னு பேசியிருப்பேன். பாக்கவே இல்லம்மா.

அன்னைக்கு ராத்திரி பெரியத்தை வாந்தி எடுத்தாவ. இத்தனை வருசம் வழிச்சு நக்குனது வாந்தியா வரல, கேட்டதும் வருது! மறுநாள் கார் பிடிச்சு பாவநாசத்துக்குப் போயி முங்கிட்டு வந்தாவ. எங்க வீட்டு அவுக, அதான் என் வீட்டுக்காரரு, பின்கட்டுல உக்காந்து புளியப் போட்டு ஏனம் பாத்திரம் எல்லாத்தையும் தேய்ச்சாவ. நான் பொழங்குன ஏனம் அத்தனையும். கலியாணமாகி வந்தப்ப எங்கம்மா குடுத்த பித்தளைப் போணியக் கூட விடல. நான் பாத்துக்கிட்டே நிக்கேன். "அவ சொல்லுதத நம்புதியளா?"ன்னேன். அடுத்த ஏனத்த இழுத்து வச்சுத் தேய்ச்சாவ.

அன்னையிலருந்து சோறு மாடியிலருந்துதான் வருது. கீழ என் அடுப்பு சும்மா கெடக்கு. தட்டு போட்டு மூடி, வேளா வேளைக்கு வடிவு கொண்டு வந்து வைக்கா. "சாப்பிடுங்கக்கா"ங்கா. மொகத்துல ஒரு கோவம் கூட இல்ல. அதான் எனக்குப் பொறுக்கல. ரெண்டு வார்த்தை ஏசியிருந்தா நானும் ஏசியிருப்பேன், கணக்கு தீந்திருக்கும். சவம், சிரிச்ச மொகத்தோட கொண்டு வந்து வைக்கா.

நிச்சயத்துக்கு வாரவங்களுக்கு அவ கடல்பாசி காபிதான் குடுக்கப் போறாவளாம். மாப்பிள்ளை வீட்லயே கேட்டாவளாம். பெரிய பெரிய தட்டுல ஊத்தி வேன்ல ஏத்துனத என் கண்ணால பாத்தேன். வேன் தெரு முக்கு திரும்புனதும் நான் உள்ள வந்து, அரிசிப் பானைக்குப் பின்னால இருந்த டப்பாவ எடுத்தேன்.

என்ன கேக்கிய? ஆமா, அதே டப்பாதான். அதே பொடிதான். வேற எங்க போவேன்? பாக்கெட்டத்தான் அவுக தூரப் போட்டாவ, டப்பா இருக்கது அவுகளுக்குத் தெரியாது.

சும்மா பதறாதிய. குடிச்சிய, என்ன ஆச்சு? மயக்கம் வந்துச்சா? வயிறு கலக்குச்சா? நல்லாத்தானே இருந்துச்சு? நீங்களே சொன்னிய, நல்லா இருக்குன்னு. நான் கேட்டேன்லா, சைவமான்னு. சைவக்காரி ஒருத்தி குடிச்சிட்டு, சும்மா கல்லுக் கணக்கா உக்காந்திருக்கா. இதத்தானே நான் இத்தனை நாளா சொல்லுதேன்.

அங்க போயி என்ன செய்வேன்னா கேக்கிய? சமையக்கட்டுல அவ காபிய பெரிய அண்டாவுல கலந்து வச்சிருப்பாவ. இந்த வாளிய அதுல கொட்டிருவேன். அங்க போறதுக்குள்ள ஐஸும் கரைஞ்சு, இந்த வெயிலுக்கு ஜெல்லியும் இளகித் தண்ணியாயிரும். துண்டு துண்டா நின்னாத்தானே தெரியும்? காபியோட காபியாப் போயிரும். மாப்பிள்ளைக்கு அம்மா குடிப்பா. பெரியத்தை குடிப்பாவ. வடிவு குடிப்பா. எங்க வீட்டு அவுக, புளி போட்டுத் தேய்ச்சாவளே, அவுகளும் குடிப்பாவ. எல்லாரும் ஏப்பம் விட்டப்புறம் நடு மண்டபத்துல நின்னு கேப்பேன், "குடிச்சியள்லா? இப்ப என்ன கொறைஞ்சு போச்சு?" அப்ப என் மொகத்தப் பாப்பாவள்லா? பாத்துத்தானே ஆகணும்?

கலியாணம் நின்னு போனாவா? ஒரு டம்ளர் காபியில நிக்கிற கலியாணம் நின்னே போகட்டும். அந்தப் பிள்ள என்ன பாவம் செஞ்சுச்சா? ஏன், நான் என்ன பாவம் செஞ்சேன்? நான் என்ன தெரிஞ்சா வாங்குனேன்? பெரியம்மா பெரியம்மான்னு என் மடியில கெடந்து வளந்தவதானே, என்னய உள்ள கூப்பிட்டு, காதோட சொல்லியிருக்கலாம்லா? இப்படி ஆயிட்டு பெரியம்மான்னு சொல்லியிருந்தா நானே அந்தப் பொடிய சாக்கடையில கொட்டியிருப்பேன். இல்ல, இல்ல. நான் தப்பா ஒண்ணும் வாங்கல. அது பொய்யி. அவ சொன்னது பொய்யின்னுதானே சொல்லிக்கிட்டு வாரேன்.

என்ன?

நான் குடிக்கணுமா? உங்க முன்னாலயா?

அதான் மொதல்லயே சொன்னேன்லா, தொண்டை கட்டியிருக்குன்னு. பேசும்போது நல்லாத்தான் இருக்கும். குளுந்தது எறங்குனாத்தான் வலிக்கும். ஒரு வாயா? ஒரு வாயின்னாலும் அதே வலிதானே. அன்னைக்குச் சாயங்காலமே வந்த வலி, இன்னும் விடல. காலையில இதச் செய்யும்போது சீனி சரியா இருக்கான்னு கூட நாக்குல வச்சுப் பாக்கல, தெரியுமா? மோந்து பாத்தேன், அவ்வளவுதான். இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அப்படிப் பாக்காதிய என்னய.

எங்க எந்திரிக்கிய? கோவில்பட்டிக்கு இன்னும் தூரம் கெடக்கு. முன்னால சீட்டு இல்ல, நின்னுக்கிட்டுத்தான் போணும். போங்க, போங்க. உங்களப் பாத்தப்பவே நெனச்சேன், நீங்களும் அவ மாதிரிதான்னு. டம்ளரக் குடுத்துட்டுப் போங்க.

பாதி அப்படியே இருக்கே. வெளிய ஏன் கொட்டணும்? நான் ஒத்தையில நின்னு செஞ்சது. குடுங்க, வாளியிலேயே ஊத்திருதேன்.

வாய் வச்சா குடிச்சிய? அண்ணாந்து குடிங்கன்னு சொன்னேன்லா. சரி, இருக்கட்டும், ஊத்தியாச்சு. அந்த மூடிய மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்கம்மா. நிச்சய வீட்டுக்குப் போறது, வழியில சிந்திரக் கூடாது.